சாம்பச்சாமிக்கு ஒரு பாக்கலாமுங்க

கோயமுத்தூர் ஜில்லா முழுவதிலும் 'பாக்கலாமுங்க' என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாத ஒரே மனிதர் சாம்பச்சாமிதான். எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். பலூன் வேண்டும் என்று கேட்டு, "பாக்கலாம் கண்ணு" என்று பதில் வந்தால் குழந்தை அந்த நிமிடமே தரையில் விழுந்து அழ ஆரம்பித்துவிடும்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல வராது. நாக்கு அதற்கு வளைவதே இல்லை. மாப்பிள்ளை பிடிக்கவில்லையா, தோட்டங்காட்டுக்குள் வழி விட இஷ்டமில்லையா, பையனுக்கு மில்லில் வேலை போட்டுத்தர மனசில்லையா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "பாக்கலாமுங்க." கூடவே ஒரு டம்ளர் மோர் கொடுத்து, கேட் வரைக்கும் நடந்து வந்து வழியனுப்புவோம். வந்தவரும் மோரைக் குடித்துவிட்டு, "செரிங்க, வாரனுங்க" என்று சொல்லிப் போய்விடுவார். அப்புறம் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். இப்படித்தான் நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை சச்சரவு இல்லாமல் ஒருத்தருக்கொருத்தர் அல்வா கொடுத்துக்கொண்டு கௌரவமாக வாழ்கிறோம்.

சாம்பச்சாமியிடம் பாக்கலாமுங்க என்று சொன்னால், மறுநாள் காலை எட்டு மணிக்கு கேட்டில் நிற்பார்.

"நேத்து பாக்கலாம்னீங்கல்ல? வாங்க, பாக்கலாம்."

அப்போது நான் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறையில் மேனேஜர். மேனேஜர் என்பது கதவில் எழுதியிருந்தது. உண்மையில் எனக்கு இரண்டு வேலைகள். மொதலாளி திட்டினால் வாங்கிக்கொள்வது. பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தியக்கா பாட்டில் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வது. விசைத்தறிகளுக்கு வேண்டிய நூலுக்கு நாங்கள் சாயம் போட்டோம். சாயம் போட்ட தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு மெஷினும் இருந்தது. அது தண்ணீரைச் சுத்தம் செய்த நாட்களைவிட, அடைத்துக்கொண்ட அதை நாங்கள் சுத்தம் செய்த நாட்கள்தான் அதிகம். சுத்தமாகாத மிச்சத் தண்ணீர் எங்கே போயிற்று என்பதைப் பாப்பாத்தியக்காவின் கிணறு சொல்லும்.

பாப்பாத்தியக்கா ஒருநாளும் கத்தியதில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். திங்கட்கிழமைதோறும் வந்து, கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து என் மேஜைமேல் வைப்பார்.

"ஏனுங்க கண்ணு, இந்த வாரம் என்ன கலருன்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு செரியாத் தெரியறதில்ல. மாடு என்னமோ மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்குது."

"பாக்கலாமுங்கக்கா" என்பேன். பாட்டிலை ஜன்னலில் வைப்பேன். நாலு மாதத்தில் என் ஜன்னல் சர்பத் கடை மாதிரி ஆகிவிட்டது. ரோஸ், ஊதா, லேசான பச்சை, பெயர் தெரியாத ஒரு கலர் என்று வரிசையாக நின்றன. சூரியன் அந்தப் பக்கம் வரும்போது என் கணக்குப்பிள்ளை முகத்தில் வானவில் விழும். இதை வெட்கமில்லாமல்தான் எழுதுகிறேன். அன்றைக்கும் எனக்கு வெட்கம் இருக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் சாம்பச்சாமி வந்து சேர்ந்தார்.

ஒரு பழைய மொபெட். முன்னால் இரண்டு மூட்டை, பின்னால் சைக்கிள் டியூபால் கட்டிய நீல டிரம். நடுவில், மூட்டைக்கும் டிரம்முக்கும் இடையே செருகிவைத்த மாதிரி ஒரு மனிதர். சட்டை ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். காது மடலில் சாம்பல், புருவத்தில் சாம்பல். அவர் தும்மினால் எதிரே நிற்பவருக்குத் தலை நரைத்துவிடும். ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு பவுண்டரியில் முப்பது வருஷம் உலையடியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்டால் அரைமணி நேரம் பேசுவார் என்ற பயத்தில் கேட்கவில்லை.

சாம்பச்சாமி என்ற பெயர் எங்கள் கேட்டில்தான் பிறந்தது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள், உடம்பெல்லாம் சாம்பலோடு நின்றவரைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். அவரும் இந்த ஊர்க்காரர்தானே, இல்லை என்று சொல்ல வருமா? மூட்டையில் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார்.

"அம்மணி, நெத்தியில பூசிராதீங்க. இது கரும்புச் சக்கையச் சர்க்கரை மில்லுல எரிச்ச சாம்பலுங்க. தண்ணிக்குத்தான் நல்லது."

அந்த அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு பயபக்தியோடு கேட்டார்: "தண்ணியில கலக்கி எத்தன நாளைக்குங்க சாமி குடிக்கோணும்?"

வாட்ச்மேன் சிரித்த சிரிப்பில் அவருடைய பல்செட் கீழே விழுந்தது. அன்றைக்கு வைத்த பெயர் அது.

என்னிடம் அவர் முதன்முதலில் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

"ஏனுங்க, உங்க சாயத் தண்ணி எனக்கு வேணுமுங்க."

பதினைந்து வருஷ சர்வீஸில் அதை வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவர். "எதுக்குங்க?" என்றேன்.

"சர்க்கரை மில்லுல வேண்டாம்னு சாம்பலக் கொட்டறாங்க. பவுண்டரில வேண்டாம்னு கிட்டத்தக் கொட்டறாங்க. பொள்ளாச்சியில தேங்கா நார்த்தூள வேண்டாம்னு கொட்டறாங்க. நீங்க இந்தத் தண்ணிய வேண்டாம்னு உடறீங்க. நாலு வேண்டாததையும் ஒரு டிரம்முல சேத்தனுங்கன்னா வேணும்கறது ஒண்ணு கெடைக்குமுங்க."

கிட்டம் என்றால் இரும்பை உருக்கும்போது மேலே மிதக்கிற கசடு, ஆறினால் கல்லாகிவிடும். அவர் டிரம்முக்குள் அதைக் கீழே பரப்பி, நடுவில் சாம்பல் போட்டு, மேலே நார்த்தூளைக் கொட்டியிருந்தார். மேலே சாயத் தண்ணீரை ஊற்றினால் கீழே குழாயில் நல்ல தண்ணீர் வருமாம். வேண்டாதது நாலு என்கிறாரே, ஐந்தாவதாகத் தன்னைச் சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். மோர் கொடுத்தேன். "பாக்கலாமுங்க" என்றேன். கேட் வரைக்கும்கூட நடந்தேன்.

மறுநாள் எட்டு மணிக்கு வந்துவிட்டார்.

முதல் பரிசோதனை பட்டறை நடுவில் நடந்தது. மேலே ரத்தச் சிவப்பில் ஒரு குடம் ஊற்றினார். கீழே நல்ல ஃபில்டர் காப்பி வந்தது. நார்த்தூளின் சாயம் அது. "சிவப்பக் குடுத்தா காப்பி தர்றீங்களே, சர்க்கரை போட்டாச்சுங்களா?" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து அந்தக் காப்பியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பறம் மறுக்கா வரட்டுங்களா?" என்றார். வேறென்ன சொல்வது? பாக்கலாமுங்க என்றேன்.

இரண்டாவது தடவை நார்த்தூளை எடுத்துவிட்டுச் சாம்பலை மட்டும் கூட்டிப்போட்டிருந்தார். அன்றைக்கென்று எங்கள் மொதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் சலவை வேட்டியோடு வந்து, டிரம்முக்குப் பக்கத்தில் நின்றார். குழாய் அடைத்துக்கொண்டது. சாம்பச்சாமி ஒரு தட்டுத் தட்டினார். தார் மாதிரி கறுப்பாக அது பீச்சிய ஒரு பீச்சில், மொதலாளி இடுப்புக்குக் கீழே இரங்கல் கூட்டத்துக்குப் போகிறவர் மாதிரி ஆகிவிட்டார். மொதலாளி வேட்டியைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், பல்லைக் கடித்தார். நாக்கு வளையவில்லை.

"பாக்கலாமுங்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. மொதலாளி சொன்ன பாக்கலாமுங்கவுக்கும் சேர்த்து மறுநாள் எட்டு மணிக்கு வந்து நின்றது என் முன்னால்தானே! இந்த மனிதருக்கு மூளைக்குள்ளும் சாம்பல்தான் இருக்கிறது என்று வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாய்லருக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தேன். ஒருநாள் வாட்ச்மேனிடம், "நான் பொள்ளாச்சி போயிட்டேன்னு சொல்லீருங்க" என்றேன்.

அவர் என்னைத் தேடிப் பொள்ளாச்சிக்கே போய்விட்டார்.

மாட்டுச் சந்தை நாள். ஆயிரம் மாட்டுக்கு நடுவில் நாள் முழுக்க என்னைத் தேடியிருக்கிறார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து கவலையோடு விசாரித்தார்: "சந்தையில ஒவ்வொரு மாட்டுக்கிட்டயும் போயிப் பாத்தனுங்க, உங்களக் காணலீங்களே. போன சோலி முடிஞ்சுதுங்களா?" நக்கலா, நிஜமா என்று அந்த முகத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று. என்னைத் தேடிக் களைத்துப்போய், திரும்பும் வழியில் ஒரு நார் மில் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே நார்த்தூளைத் தொட்டியில் போட்டு ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று அலசிக்கொண்டே இருந்தார்களாம். ஏற்றுமதி செய்கிற தூளாம். உப்பும் சாயமும் போகிறவரை அலசுவார்களாம். இவர் நெற்றியில் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"அரிசியவே மூணு தண்ணி கழுவறோம். சாம்பலக் கழுவாமப் போட்டிருக்கறேன் பாருங்க. நெம்பப் பெரிய தப்புங்க. நீங்க பொள்ளாச்சி போகலைன்னா எனக்கு இது தோணியே இருக்காதுங்க."

நான் பொள்ளாச்சி போகவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கழுவிக் காயவைத்து, சல்லடையில் சலித்த சாம்பலோடு மூன்றாவது பரிசோதனை. மேலே ஊதா நிறத் தண்ணீரை ஊற்றினார். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பீச்சு அடிக்கும் என்று எல்லோரும் நாலடி தள்ளி நின்றோம். அப்புறம் சொட்டுச் சொட்டாக வந்தது. கண்ணாடி டம்ளரில் பிடித்து என்னிடம் நீட்டினார். தூக்கிப் பார்த்தேன். டம்ளர் வழியாக வாட்ச்மேனின் முகம் தெரிந்தது, பல்செட்டோடு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நியாயமாக அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணைச் சுருக்கி வைத்துக்கொண்டு, "லேசா ஒரு மஞ்சள் தட்டுதுங்களே" என்றேன். மூன்று மாதமாக ஒருத்தரைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீருக்காக அதை மாற்றிக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும். எனக்கு அது அன்றைக்கு இல்லை. பாக்கலாமுங்க என்றேன்.

அடுத்த வாரம் பாப்பாத்தியக்கா பாட்டில் கொண்டுவரவில்லை. நிம்மதி என்று நினைத்தேன். அவர் பாட்டிலை நேராக மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் அதிகாரி நேரில் வருவார். தண்ணீரில் நிறம் இருந்தால் பட்டறைக்குச் சீல்.

சீல் வைத்தால் அறுபது பேர் வீட்டில் அடுப்பு எரியாது. அதில் என் வீடும் ஒன்று. மொதலாளி வெளியூரிலிருந்து கோட்டு டை போட்ட ஒரு ஆலோசகரைக் கூட்டிவந்தார். அவர் லேப்டாப்பைத் திறந்து, முக்கால் மணி நேரம் கலர் கலராகப் படம் காட்டினார். ஒரு படத்தில் டிரம் மாதிரி ஒன்று, அதற்குள் மூன்று அடுக்கு. ஜன்னலுக்கு வெளியே, பாப்பாத்தியக்காவின் பாட்டில்களுக்கு நடுவில் சாம்பச்சாமியின் முகம் தெரிந்தது.

"ஏனுங்க, அது நம்ம டிரம்முதானுங்க. இவரு அதுக்குப் பெயின்ட் அடிச்சிருக்காரு."

ஆலோசகர் எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆறு மாதம் ஆகும் என்றார். மொதலாளி, "பாக்கலாமுங்க" என்றார். ஆலோசகர் விவரமானவர், மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் எட்டு மணிக்கு மொதலாளியே போய் கேட்டைத் திறந்தார். அதற்கப்புறம் பதினொரு நாள் எங்கள் பட்டறையில் நடந்தது பெரிய கூத்து, பெற்ற தாய் பார்த்தால்கூட எங்களை அடையாளம் தெரிந்திருக்காது. லாரியில் சாம்பல் வந்தது, டிராக்டரில் கிட்டம் வந்தது. அறுபது பேரும் தொட்டியில் சாம்பல் அலசினோம். நான் மேனேஜர் என்று எழுதியிருந்த கதவைச் சாத்திவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டளவு சாம்பலில் மிதித்துக்கொண்டிருந்தேன். சாம்பச்சாமி கரையில் நின்று, "இன்னொரு தண்ணி அலசுங்க மேனேஜர், இன்னும் கறுப்பு வருது பாருங்க" என்று எனக்கு மரியாதையாக உத்தரவு போட்டார். இரண்டு பெரிய தொட்டிகள் நிரம்பின. தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் நிறமில்லாமல் இறங்கியது.

அதிகாரி வருகிற காலை. மொதலாளி ஒரு காரியம் செய்தார், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. சாம்பச்சாமியைக் கூப்பிட்டு, "ஏனுங்க, நீங்க சித்த அக்கட்ட பாய்லர்கிட்ட நில்லுங்க. ஆபீசர் வந்து உங்களப் பாத்தா ஒரு மாதிரி நெனைப்பாரு" என்றார். அவர் தலையாட்டிவிட்டுப் போய் நின்றார். நான் மாதக்கணக்கில் ஒளிந்த அதே இடத்தில் போய் நின்றார். நானும் வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி சின்ன வயசு. தென்காசிப் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாப்பாத்தியக்காவும் காலிப் பாட்டிலோடு கூடவே வந்துவிட்டார். அதிகாரி தொட்டியைக் காட்டி, "இது உள்ள என்னது?" என்றார்.

"இம்போர்ட்டட் சார்" என்றார் மொதலாளி. "ஃபாரின் மெட்டீரியலுங்க."

பாய்லருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இல்லீங்க. கரும்புச் சக்கைச் சாம்பலுங்க."

எல்லோரும் திரும்பினோம். காதில் சாம்பலோடு மெதுவாக வெளியே வந்தார். மொதலாளி முழித்த முழி, இரண்டு கண்ணும் எங்கே உருண்டு தொட்டிக்குள் விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. சாம்பச்சாமி நிறுத்தவில்லை.

"கீழ பவுண்டரிக் கிட்டமுங்க, மேல சாம்பலுங்க. நெறம்தானுங்க போகும். உப்புப் போகாதுங்க. உப்புக்கு அந்தப் பழைய மெஷினையேதான் ஓட்டோணும். ஆனா நெறம் முன்னாடியே போயிட்டா அது அடைக்காம ஓடுமுங்க. இத்தன நாளா அது அடைச்சு, பாதித் தண்ணி அக்காவோட கெணத்துக்குத்தான் போயிட்டிருந்துதுங்க."

முடிந்தது கதை என்று நினைத்தேன். பாராட்டுப் பத்திரம் வாசிக்கச் சொன்னால் இந்த மனிதர் குற்றப்பத்திரிகை வாசிக்கிறாரே! அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொட்டியைப் பார்த்தார். சாம்பச்சாமியைப் பார்த்தார்.

"சரி, பாக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். மொதலாளி சாம்பல் மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார். அறுபது பேர் முகமும் ஒரே சமயத்தில் தொங்கியது. நூல் மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தவர் அதை அப்படியே கீழே வைத்துவிட்டார். பாப்பாத்தியக்காகூட, "அட, அவ்வளவுதானுங்களா?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மொதலாளி உடைந்த குரலில், "சாருக்கு மோர் கொண்டாங்க" என்றார்.

சாம்பச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "செரிங்க, வாரனுங்க" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

அதிகாரி கையில் மோரோடு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்னங்க, பாக்கலாம்னு சொல்லுதேன், யாரும் அசைய மாட்டேங்கியளே? தொட்டியத் திறங்க. உள்ள பாக்கணும்லா? அவிய எங்க போறாவ? அவியள்லா வெளக்கிச் சொல்லணும்!"

எனக்கு ஒரு வினாடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். அவிநாசி ரோட்டில் லாரிகளுக்கு நடுவில், அவர் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். அது என் நல்ல நேரம், ஏழெட்டு உதைக்கு முன்னால் அது கிளம்பியதே இல்லை.

"ஏனுங்க, நில்லுங்க! ஆபீசர் பாக்கலாம்னு சொல்றாருங்க!"

"கேட்டனுங்களே" என்றார். "பாக்கலாம்னா என்னன்னு எனக்குத் தெரியாதுங்களா? நானும் இந்த ஊருதானுங்க."

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"தெரிஞ்சுமா தெனமும் எட்டு மணிக்கு வந்து நின்னீங்க?"

"வேண்டாம்னு நீங்க ஒருக்காச் சொல்லீருந்தா வந்திருக்கமாட்டனுங்க. உங்களுக்குச் சொல்ல வாய் வராதுன்னு தெரியுமுங்க. எனக்கு உள்ள வர இருந்த வழி அது ஒண்ணுதான்." மொபெட்டை உதைப்பதை நிறுத்தினார். "முப்பது வருசம் கிட்டம் அள்ளிக் கொட்டியிருக்கறனுங்க. ரிட்டயர் ஆன அன்னிக்கு வெளிய வந்து திரும்பிப் பாத்தேன். நான் கொட்டினது ஒரு கரடாட்ட, சின்ன மலையாட்ட நிக்குது. வேறொண்ணும் மிஞ்சலீங்க. அது எதுக்காச்சும் ஆகும்னு ஒருத்தராச்சும் வந்து பாத்தாப் போதும்னு இருந்துதுங்க."

"அப்ப இன்னிக்கு ஏன் போறீங்க?"

"உங்க கேட்டுக்கு நாளைக்கும் வந்துக்கலாம். ஆபீசரு ஊட்டுக்குப் போயி எட்டு மணிக்கு நிக்க முடியுங்களா? அவரே சொல்லிப்போட்டாருன்னா அப்பறம் யாருகிட்டப் போறது?"

அத்தனை நாளும் அவரைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் எல்லாம் தெரிந்தே என் கையிலிருந்து மோரை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு என்மேலேயே அப்படி ஒரு எரிச்சல் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு தென்காசிக்காரருங்க! அந்தப் பக்கமெல்லாம் பாக்கலாம்னா நெசமாவே பாக்கறதாமுங்க!"

சாம்பச்சாமி என்னை நம்பாமல் பார்த்தார்.

"அப்பிடியும் ஒரு ஊரு இருக்குதுங்களா?"

அன்றைக்கு அவர் தொட்டியைத் திறந்து, அடுக்கடுக்காகக் காட்டி, ஒன்றரை மணி நேரம் பேசினார். அதிகாரி பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார். கையை விட்டுச் சாம்பலை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மேலே இருந்தும் கீழே இருந்தும் தண்ணீர் பிடித்துக்கொண்டார். "அழுக்கான சாம்பல அப்புறம் எங்க கொட்டுவிய?" என்று கேட்டதற்கு, சிமென்ட்டோடு கலந்து அடித்த ஒரு கல்லைக் காட்டினார். அதிகாரி அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். சீல் வைக்கவில்லை. உப்புக்கான மெஷினைச் சரிசெய்ய அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமே மொதலாளி தொட்டிக்குப் பக்கத்தில் தன் போட்டோ போட்டு ஒரு போர்டு வைத்துக்கொண்டார். அதில் சாம்பல் என்ற வார்த்தையே கிடையாது. பாப்பாத்தியக்காவின் கிணறு தெளிய இரண்டு மழைக்காலம் ஆனது. கடைசியாக அவர் கொண்டுவந்த பாட்டிலில் ஒன்றுமே தெரியவில்லை. "மாடு குடிச்சுப்போட்டுது கண்ணு" என்றார், அவ்வளவுதான்.

சாம்பச்சாமிக்கு முழங்கால் போய்விட்டது. மகள் வந்து கொடுமுடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தொல்லை விட்டது என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். ஆனால் எட்டு மணி ஆனால் என் கண் தானாகக் கேட்டுக்குப் போனது. யாரும் வரமாட்டார்கள். பட்டறை சப்பென்று இருந்தது.

போன மாதம் போன் வந்தது.

"ஏனுங்க மேனேஜர், இங்க மஞ்சக்கெழங்கு வேவிச்ச தண்ணிய அப்பிடியே வாய்க்கால்ல உடறாங்க. போயிச் சொன்னனுங்க. பாக்கலாம்னு சொல்லிப்போட்டாங்க."

"அப்பறம்?"

"அப்பறமென்னுங்க, தெனமும் எட்டு மணிக்குப் போறேன். மக திட்டுது. நம்ம பட்டறையில அலசிக் காயவெச்ச சாம்பல் ஒரு மூட்டை கெடைக்குங்களா? காட்டறதுக்குத்தான்."

பழக்கதோஷம். "பாக்கலாமுங்க" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ரொம்ப மெதுவாக, "செரிங்க" என்றார்.

"ஐயோ, இல்லீங்க!" என்று கத்தினேன். "இது தென்காசிப் பாக்கலாமுங்க!"

ஞாயிற்றுக்கிழமை காலை மூட்டையோடு கொடுமுடி பஸ்ஸில் ஏறினேன். மடியில் வைத்திருந்த மூட்டையின் வாய் அவிழ்ந்து, என் சட்டை, கை, காது எல்லாம் சாம்பல். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவர், பையைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு, மூட்டையில் இரண்டு விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்.

"எந்தக் கோயிலுதுங்க சாமி?"

"சாம்பச்சாமி கோயிலுதுங்க" என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.